ஒரு மியாட்டாவை மூன்று லட்சம் மைல் ஓட்டுவது

அன்புள்ள தம்பிக்கு,

கிளீவ்லாந்தில் நீ வாங்கியிருக்கும் 1991ஆம் வருஷத்து மஸ்டா மியாட்டாவின் படங்களைப் பார்த்தேன். ஓடோமீட்டர் 1,48,000 மைல் காட்டுகிறது. "இதை மூன்று லட்சம் வரை கொண்டுபோக முடியுமா, இல்லை ஓடுகிறவரை ஓட்டிவிட்டுத் தள்ளிவிட வேண்டியதுதானா?" என்று கேட்டிருக்கிறாய். கொண்டுபோகலாம். ஆனால் அந்த வண்டியில் எதை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்ற வேண்டும், எதைக் கணக்குப் பார்க்காமல் கழற்றிப் போட்டுவிட வேண்டும் என்று முதலில் உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம்பிக்கைக்கு ஒருவரைச் சொல்கிறேன். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் இர்வ் கார்டன் என்று ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966இல் சிவப்பு வோல்வோ பி1800 ஒன்றைப் புதிதாக வாங்கினார். விலை 4,150 டாலர். பள்ளிக்கூடம் போய்வரவே அவருக்கு தினமும் 125 மைல் ஓட்டம். 1987இல் வண்டி பத்து லட்சம் மைலைத் தொட்டது. 2002இல் இருபது லட்சம். 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் வைத்து முப்பது லட்சம். 2018இல் அவர் காலமானபோது முப்பத்திரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. கிலோமீட்டரில் சொன்னால் ஐம்பது லட்சத்துக்கும் மேல். முதல் உரிமையாளரே ஓட்டிய தூரத்துக்காகக் கின்னஸில் ஏறிய வண்டி அது.

வோல்வோவின் அந்த 1.8 லிட்டர் இன்ஜின் கெட்டியானதுதான். வார்ப்பிரும்பு பிளாக், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க ஐந்து பேரிங், கேம் ஷாஃப்ட்டைச் சுழற்ற பெல்ட்டோ செயினோ கிடையாது, பல்சக்கரம்தான். ஆனால் அதே இன்ஜினோடு வந்த எத்தனையோ வோல்வோக்கள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. கார்டன் செய்ததெல்லாம் கையேட்டில் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்ததுதான். மூவாயிரம் மைல் சொச்சத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுவார். சுமார் 6,80,000 மைல் வரை அந்த இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க நேரவில்லை. இன்னொன்று, அவர் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டியவர். சூடாகி நிதானமாக ஓடும் இன்ஜினுக்குத் தேய்மானம் குறைவு. இரண்டு தெரு தாண்டிக் கடைக்குப் போய்வரும் வண்டிதான் சீக்கிரம் கெடும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். பழைய கார் மூன்று வழியில் சாகிறது. இரும்பும் அலுமினியமும் தூரத்தால் தேயும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் வருஷத்தால் கெடும், வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் கெடும். பாடியைத் தண்ணீர் தின்னும். நான் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பழைய வண்டிகளில் பாடி புதுசுபோல இருக்கும். ஹோஸும் புஷ்ஷும் கைபட்டால் உதிரும். உன் ஊரில் நேர் எதிர். குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள். ஆகவே உன் முதல் எதிரி துரு. ஓய்ந்த இன்ஜினுக்கு இன்னொரு இன்ஜின் கிடைக்கும், கியர் பாக்ஸும் கிடைக்கும். அடிப்பகுதி இற்றுப்போன பாடிக்கு மட்டும் மாற்று கிடையாது.

மியாட்டாவில் துரு எங்கே தொடங்கும் தெரியுமா? கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனலில், அதுவும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால். மடக்குக் கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் வடிகுழாய்கள் வழியாக இறங்கி அந்த இடத்தில்தான் வெளியேறும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, பெட்டிபோன்ற அந்தப் பகுதியை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார். அடியில் தாராளமாக வடிய வேண்டும். தேங்கினால், புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் கயிற்றை விட்டுப் பக்குவமாகத் துழாவு. கம்பியைக் குத்தாதே, குழாய் கிழிந்துவிடும்.

துரு இல்லை என்று உறுதியானதும் ராக்கர் பேனலுக்குள் மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல். உப்புக் காலத்தில் வெளியே எடுத்தே ஆக வேண்டுமென்றால், வந்ததும் அடிப்பகுதியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவு. இந்த வண்டிக்கு பேட்டரி டிக்கியில் இருக்கிறது. மஸ்டா அங்கே வைத்தது வாயுக் குழாயோடு கூடிய, ஒழுகாத சீல் பேட்டரி. விலை குறைவென்று சாதாரண பேட்டரியை வைத்தால் அமில ஆவி டிக்கித் தகட்டை அரித்துவிடும். முந்தைய உரிமையாளர் என்ன வைத்திருக்கிறார் என்று பார்.

பாடிக்கு அடுத்தபடி கவலைப்பட வேண்டியது வெப்பம். உன் இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலும் ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விடும். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். கறுப்பாக இருந்த அது பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தால் விரிசல் விடும் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒழுகும்வரை காத்திருக்காதே, ஹோஸ்கள், தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றிவிடு. ரேடியேட்டரின் விலை ஹெட் வேலைக்கு ஆகும் கூலியில் சிறு பங்குகூட இராது.

டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உன் வண்டிக்கு இரண்டாவது முறை முடிந்திருக்க வேண்டும். ரசீது இருக்கிறதா என்று விற்றவரைக் கேள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். மஸ்டாவின் இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை; வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். போர்ஷே 944 வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். ஆகவே எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினாலும் அதன் இன்ஜின் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள். பெல்ட் மாற்றும்போதே வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொல். பிரிக்கிற கூலி ஒன்றுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1990இலும் 1991இன் முற்பகுதியிலும் வந்த மியாட்டாக்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்மூக்கு குட்டை. அதன் போல்ட்டைச் சரியான டார்க்கில் இறுக்காவிட்டால் சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்து, அந்த மூக்கில் மாட்டியிருக்கும் புல்லி ஆட ஆரம்பிக்கும். கடைசியில் கிராங்கே பாழ். புல்லியின் முகத்தில் நான்கு பள்ளம் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் வந்த நீள மூக்கு. எண்ணிப் பார். குட்டை என்றால் டார்க் ரெஞ்ச் இல்லாத ஆளிடம் அந்த வேலையைக் கொடுக்காதே.

ஆயில் விஷயத்தில் பிராண்ட் பற்றி மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கையேடு சொல்லும் தடிமனில் நல்ல ஆயில் போட்டு, நாள் தள்ளாமல் மாற்று. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். வயசான இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். அதில் ஆபத்தில்லை, குறைந்தது தெரியாமல் ஓட்டுவதில்தான் ஆபத்து. உன் வண்டியில் இருக்கும் ஆயில் பிரஷர் மீட்டர் உண்மையாகவே அழுத்தத்தை அளப்பது. 1995 முதல் வந்தவற்றில் முள் பேருக்குத்தான் நிற்கும். ஆகவே அதைப் பார்த்து ஓட்டு. இன்ஜினின் பின்பக்கம் ஆயில் கசிந்தால் சிலர் "ரியர் சீல் போச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்பார்கள். அதற்கு முன் ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் ரப்பர் வளையத்தை மாற்றிப் பார்க்கச் சொல். பெரும்பாலும் குற்றவாளி அந்தச் சின்ன வளையம்தான்.

ரப்பருக்கு மைல் கணக்கு செல்லாது. பிரேக் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட் எல்லாம் முப்பது வருஷம் தாண்டியவை. பார்க்க நன்றாக இருந்தாலும் வரிசையாக மாற்றத் திட்டம் போடு. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக்கு. கிளட்ச்சும் அதே ஃப்ளூயிட்டில்தான் வேலை செய்கிறது. அதன் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது இந்த வண்டியில் சகஜம். டயரின் பக்கவாட்டில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வருஷத்து டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதே.

ஓட்டும் விதமும் பராமரிப்பில் சேர்த்திதான். குளிர்ந்த இன்ஜினை 3,000 ஆர்.பி.எம்முக்கு மேல் விரட்டாதே. நன்றாகச் சூடான பிறகு 7,000 வரை போகத் தயங்காதே. அதற்காகத்தான் அதைக் கட்டினார்கள். உயர்ந்த கியரில் போட்டு முக்கவைப்பது, எகிறவிடுவதைவிடக் கெடுதல். வாரத்தில் ஒருநாளாவது இன்ஜின் முழுச் சூட்டில் ஓடும்படி தொலைவாகப் போய் வா. அப்போதுதான் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும்.

ஒரு நோட்டு போடு. தேதி, மைல், செய்த வேலை, போட்ட சாமானின் எண், கொடுத்த பணம். "ஏதோ சத்தம் வருது" என்று மெக்கானிக்கிடம் நிற்பவனுக்கும், எத்தனை மைலில் என்ன மாற்றினேன் என்று சொல்பவனுக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. பிற்பாடு விற்க நினைத்தாலும் அந்த நோட்டுதான் விலை பேசும்.

பணக் கணக்கையும் நேராகப் போட்டுக்கொள். வண்டியின் சந்தை விலையோடு ரிப்பேர் செலவை ஒப்பிட்டால் ஒரு பழைய காரையும் வைத்திருக்க முடியாது. இந்த வருஷச் செலவு அடுத்த எத்தனை மைலுக்கு உதவும் என்று பார். உன் பக்கம் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. இந்த முதல் தலைமுறை மியாட்டா நான்கு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. பழைய சாமானுக்குப் பஞ்சமில்லை. 2017இல் மஸ்டாவே ஜப்பானில் இந்த வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன சில பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. அரிய வண்டியைவிட ஏராளமாக விற்ற வண்டிக்குத்தான் ஆயுசு கெட்டி.

நிறுத்த வேண்டிய இடமும் உண்டு. சஸ்பென்ஷன் ஏறி நிற்கும் இடங்களிலும் முன்பக்கச் சட்டத்திலும் துரு ஓட்டை போட்டிருந்தால், பேட்ச் அடித்து மேலே பெயின்ட் பூசும் வேலைக்கு உடன்படாதே. அந்த வண்டியைப் பாகங்களுக்குக் கொடுத்துவிட்டு வேறொன்று பார். ஆசை இருக்கலாம், உன் உயிரைவிட அது பெரிதில்லை.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் வடிகுழாயும் அடிப்பகுதியும், பிறகு ரேடியேட்டர், பிறகு பெல்ட், அதன்பிறகு ரப்பர். புது சைலன்சர், பளபளக்கும் வீல் எல்லாம் இவை முடிந்த பிறகுதான். இந்த சனிக்கிழமை வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் படம் எடுத்து அனுப்பு. கிராங்க் புல்லியில் எத்தனை பள்ளம் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்