ஒலிபெருக்கியும் அயலவரும்: அனுமதி எடுப்பது எப்படி, முறைப்பாடு செய்வது எப்படி?

நீங்கள் உங்கள் காணிக்குத் திரும்பி, கிணற்றை இறைத்து, வீட்டுக்குக் கூரை போட்ட பிறகு, கொண்டாட்டங்களும் ஊருக்குத் திரும்பும். கோயில் திருவிழா, தேவாலயப் பெருவிழா, சாமத்திய வீடு, விளையாட்டுக் கழகப் போட்டி என்று ஒவ்வொன்றாக வரும். நீண்ட காலம் வெறிச்சோடிக் கிடந்த இடத்தில் பாட்டுச் சத்தம் கேட்பது பலருக்கு ஆறுதல். அதே சத்தம் பக்கத்து வளவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், படுக்கையில் இருக்கும் நோயாளிக்கும், திடீர் ஒலி கேட்டால் நெஞ்சு படபடக்கும் ஒருவருக்கும் பெரும் இடைஞ்சல்.

நெளுக்குளத்தில் பழைய குடிகளும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் அருகருகே வாழ்கிறார்கள். ஒரு இரவுச் சத்தத்தால் தொடங்கும் மனத்தாங்கல் வருடக்கணக்கில் நீளக்கூடும். ஆகவே விழா நடத்துபவரும் அயலில் இருப்பவரும் இந்தப் பாடத்தை வாசித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, ஒலிபெருக்கி பாவிப்பதற்குப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் தேவை. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் நாடு முழுவதற்குமான வழிகாட்டல்கள் தரப்பட்டன. அவற்றின் சாரம் இது:

• இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி வழங்கப்படக் கூடாது.
• விசேட சமய நிகழ்வு அல்லது வேறு விசேட நிகழ்வு என்றால், அயலில் வசிப்போரின் கருத்தைக் கேட்ட பின் மட்டுப்பட்ட நேரத்துக்கு அனுமதிக்கலாம். அனுமதிக்கான காரணத்தைப் பொலிஸார் எழுதி வைக்க வேண்டும்.
• பகலிலும் ஒலி நிகழ்விடத்தின் எல்லையைத் தாண்டாதபடி நிபந்தனை விதிக்க வேண்டும்.
• நிபந்தனை மீறப்பட்டு, பொலிஸாரின் பணிப்பும் பொருட்படுத்தப்படாவிட்டால் கருவிகளைக் கைப்பற்றலாம்.

இந்த வழிகாட்டல்கள் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகப் பொருந்தும். இந்திய உச்ச நீதிமன்றமும் 2005 யூலையில் இதே இரவு 10 முதல் காலை 6 வரையான நேரத்தையே ஒலிபெருக்கிக்குத் தடையான நேரமாக உறுதிப்படுத்தியது.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வெளியான ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் அளவுகளையும் குறிக்கின்றன. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். அங்கே பகலில் 50, இரவில் 45. இருவர் அருகருகே இருந்து சாதாரணமாகப் பேசும் சத்தமே ஏறத்தாழ 60 டெசிபல் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த அளவு எவ்வளவு குறைவு என்பது விளங்கும்.

நீங்கள் விழா நடத்துபவர் என்றால்

1. கடைசி நாள்வரை வைத்திராமல், முன்கூட்டியே உங்கள் பகுதிக்குரிய பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். நிகழ்வு, இடம், திகதி, தொடங்கும் முடியும் நேரம், பொறுப்பானவரின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். தமிழிலேயே எழுதலாம். கிராம அலுவலரின் சிபாரிசுக் கடிதம் தேவையா என்பதையும் அப்போதே கேளுங்கள்.
2. பொது மைதானத்தையோ வீதியையோ பாவிப்பதானால், ரிக்கற் விற்பதானால், பிரதேச சபையிலும் விசாரியுங்கள். பொலிஸ் அனுமதி சபையின் அனுமதிக்கு ஈடாகாது.
3. அயல் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். நோயாளி, கைக்குழந்தை, பரீட்சைப் பிள்ளை இருக்கிறார்களா என்று கேளுங்கள். வெடி கொளுத்துவதானால் நேரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். ஷெல் சத்தத்துக்குள் இருந்து தப்பி வந்தவர்களுக்கு முன்னறிவித்தல் பெரிய உதவி.
4. மரத்தின் உச்சியிலும் கம்பத்திலும் ஒலிபெருக்கி கட்டாதீர்கள். சனம் இருக்கும் பக்கம் திருப்பி, தாழ்வாக வையுங்கள். இரவில் நிலத்தை அண்டிய காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து, வயல்வெளிக்கும் குளத்துக்கும் மேலாக வெகு தூரம் போகும். பகலில் கோயில் வாசலோடு நிற்கும் அதே ஒலி, இரவில் அடுத்த கிராமத்துக்கும் கேட்பது இதனால்தான்.
5. அனுமதிப்பத்திரத்தை நிகழ்விடத்தில் வைத்திருங்கள். ஒலி, ஒளி அமைப்பாளருக்கும் அதிலுள்ள முடிவு நேரத்தைக் காட்டுங்கள். யாராவது குறை சொன்னால் உங்களைப் பாதுகாப்பது அந்தத் தாள்தான்.

சத்தம் உங்களுக்குத் தொல்லை என்றால்

முதலில் பொறுப்பானவரிடம் பேசுங்கள். “விழாவை நிறுத்துங்கள்” என்று தொடங்காமல், “பிள்ளைக்கு நாளைக்குச் சோதனை, பத்து மணியோடு குறைக்க ஏலுமா அண்ணை?” என்று கேட்டால் பெரும்பாலும் காரியம் நடக்கும்.

நடக்காவிட்டால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள், அவசரத்துக்கு 119. எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். முறைப்பாட்டை ஏற்று விரைவில் விசாரிக்க வேண்டும் என்பதும் 2007ஆம் ஆண்டு வழிகாட்டல்களில் உள்ளது. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதப்பட்டதில் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வைத்திருங்கள்.

பொலிஸ் நிலையத்துக்குப் போகவே பலருக்குத் தயக்கம் இருக்கிறது. கடந்த காலத்தை நினைத்தால் அது இயல்பு. நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அயலவருக்கிடையே அடிக்கடி எழும் பிணக்கை மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். தொல்லை தொடர்ந்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் அதை நிறுத்தக் கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாட்டைப் பொலிஸார் ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தை நாடலாம்.

கலந்துரையாடுங்கள்

• உங்கள் ஊர்க் கோயிலிலோ தேவாலயத்திலோ ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? அந்தப் பக்கம் யார் வீடு?
• பாடசாலைக்கு 100 மீற்றருக்குள் என்னென்ன நிகழ்வுகள் நடக்கின்றன?
• சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து என்ன ஒழுங்கு செய்யலாம்?

அடுத்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துப் பேசி, முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.