அடுப்புக் கரி முதல் இமயப் பனி வரை

விறகடுப்பில் சமைத்தால் பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். பராமரிப்பில்லாத டீசல் வண்டி கரும்புகை தள்ளும். போகியன்று டயர் எரித்தால் தெருவே இருட்டிவிடும். மூன்றிலும் வருவது ஒன்றுதான்: எரிபொருள் முழுசா எரியாமல் மிஞ்சும் கரித்துகள். இது நுரையீரலைக் கெடுக்கும் என்பது நமக்குத் தெரியும். பருவநிலையையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

எப்படிச் சூடாக்குகிறது?

மே மாத வெயிலில் கருப்புச் சட்டை போட்டு நடந்து பாருங்கள், உடம்பு கொதிக்கும். காற்றில் மிதக்கும் கரித்துகளும் அப்படித்தான் சூரிய ஒளியை உறிஞ்சி, சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. தரைக்கு வந்து சேரும் ஒளி குறைகிறது. மேகமும் மழையும்கூட இதனால் பாதிக்கப்படலாம். காற்றோடு போய் இமயமலைப் பனியில் படிந்தால், வெள்ளைப் பனி கருத்து, வேகமாக உருகும்.

1999-ல் நடந்த 'இண்டோயெக்ஸ்' என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வில், தெற்காசியாவிலிருந்து கிளம்பிய புகைமூட்டம் கடலுக்கு மேல் வெகுதூரம் பரவியிருப்பது தெரியவந்தது. அந்த ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவரான விஞ்ஞானி வீ. ராமநாதன், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்.

இதில் ஒரு நல்ல செய்தி

கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். கரித்துகளோ சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம்தான். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அதாவது, புகையை நிறுத்தினால் பலன் கிடைக்க நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை காத்திருக்க வேண்டாம். அதுக்காக கார்பன் டை ஆக்சைடை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை; இரண்டையும் குறைத்தாக வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• குப்பை, டயர், பிளாஸ்டிக் எதையும் எரிக்காதீர்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தடை செய்கின்றன. தரம் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

• வண்டியின் புகைப் பரிசோதனைச் சான்று காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சான்று கையில் இருந்தாலும், கரும்புகை வந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

• வீட்டில் கேஸ் இணைப்பு இல்லையா? ஏழைக் குடும்பப் பெண்களுக்கான உஜ்வாலா திட்டம் பற்றி அருகிலுள்ள கேஸ் ஏஜென்சியில் விசாரியுங்கள். அதுவரை நன்றாகக் காய்ந்த விறகையே பயன்படுத்துங்கள். ஈர விறகு அதிகமாகப் புகையும்.

புகை குறைந்தால் இமயப் பனிக்கு நல்லது. அதற்கும் முன்னால், தினமும் அடுப்படியில் நின்று இருமும் உங்கள் அம்மாவுக்கு நல்லது.