வீட்டு வரியில் வகுப்பறை எழுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"பள்ளிக்கூடம் ஒழுவுது, அதைக் கட்டித் தர ஆளில்ல. வரி மட்டும் எதுக்கு?" பாடாலூர்ப் பக்கம் வீட்டு வரி வசூலுக்கு வருபவர்களிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கோபம் நியாயமானது. ஆனால், தப்பான வாசலில் நின்று கேட்கிறோம். அதனால்தான் பல ஊர்களில் கேள்வி கேள்வியாகவே நின்றுவிடுகிறது.

நம்பிக்கை: நாம் கட்டும் வீட்டு வரியில்தான் ஊர்ப் பள்ளி கட்டப்படுகிறது.

இல்லை. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி விதிப்பது கிராம ஊராட்சி. அந்தப் பணம் ஊராட்சியின் பொது நிதியில், அதாவது முதல் கணக்கில், சேரும். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, தெருச் சாலை என்று அது செலவாகும். வகுப்பறை கட்டும் அளவுக்கு அதில் மிஞ்சுவது அரிது.

ஊரில் உள்ள தொடக்கப்பள்ளியும் நடுநிலைப்பள்ளியும் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரில் இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தைத் தொடர்ந்து ஒன்றியங்கள் உருவானபோது ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்கு வந்தன. ஆனால், வீட்டு வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றியத்துக்கு இல்லை. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 முதல் அரசு ஊழியர்கள். சம்பளம் மாநில அரசுடையது. கட்டட நிதியும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. ஊரகப் பகுதியில் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் ஊரக வளர்ச்சித் துறை கட்டுகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பு. அங்கே நபார்டு கடன், பொதுப்பணித் துறை என்று வழி வேறு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலும் வகுப்பறைகள் எழுவதுண்டு.

ஆகவே பள்ளிச் சுவருக்கான பணம் கடையில் சோப்பு வாங்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யிலும், வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது கட்டும் வரியிலும், பத்திரப் பதிவின் முத்திரைத் தீர்வையிலும் இருந்து திரள்கிறது. சொந்த வீடே இல்லாத கூலித் தொழிலாளியும் அந்தச் சுவருக்குப் பணம் கொடுத்தவர்தான். வரி ரசீது இல்லாதவருக்குப் பள்ளியைப் பற்றிக் கேட்க உரிமையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: ரசீதில் உள்ள நூலக வரி பள்ளிக்குப் போகிறது.

அதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் வசூலாகும் அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரியது. பொது நூலகங்களுக்கு மட்டும்.

நம்பிக்கை: நகரத்தைப் போல இங்கும் கல்வி வரி போட்டால் நம் பணம் நம் பள்ளிக்கே வரும், பள்ளி செழிக்கும்.

நகராட்சிகளில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்ந்து வருவது உண்மை. அதன் வேர் 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஊருக்கு ஊர் சொத்து ஒன்றா?

பாடாலூருக்கு அருகே நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் போனால் ரெட்டிபாளையம், கோவிந்தபுரம் என்று சிமென்ட் ஆலைகள். ஆலைக் கட்டடம் உள்ள ஊராட்சிக்குக் கிடைக்கும் வரியும், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மட்டுமே விளையும் ஊராட்சிக்குக் கிடைக்கும் வரியும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. பள்ளிக் கட்டடத்தை அந்தந்த ஊர் வரியில் கட்டுவது என்று வைத்தால், பிள்ளை எந்த எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் பிறந்தது என்பதே அதன் வகுப்பறையைத் தீர்மானிக்கும்.

இது கற்பனை அச்சம் அல்ல. அமெரிக்காவில் பள்ளிகள் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியை நம்பி நடக்கின்றன. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், 1967-68இல், ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் பகுதியினர் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். பணக்காரப் பகுதியான அலாமோ ஹைட்ஸில் 0.85 டாலர்தான். ஆனாலும் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 356 டாலர், அலாமோ ஹைட்ஸில் 594 டாலர், அதுவும் மாநில, மத்திய உதவியெல்லாம் சேர்த்த பிறகு. அதிக விகிதத்தில் வரி கட்டியவர் பிள்ளைக்குக் குறைவாகக் கிடைத்தது. டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

மாநிலம் முழுவதும் திரளும் பணத்தில் பள்ளி கட்டும் நம் முறையில் தாமதம் உண்டு, சிபாரிசு உண்டு. இருந்தும் அதுதான் சரியான முறை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருத்த வேண்டியது தாமதத்தை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. இடிக்கக் காட்டிய வேகம் திரும்பக் கட்டுவதில் எல்லா ஊரிலும் இருக்கவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் வீட்டு வரி கட்டாவிட்டாலும் பள்ளிக்கு ஒன்றும் ஆகாது.

ஆகும். பள்ளிக்குத் தண்ணீர் வரும் மேல்நிலைத் தொட்டி, அதற்கு மோட்டார் போடுபவர், பள்ளிக்குப் போகும் தெருவின் விளக்கு, வாசலில் தேங்கும் சாக்கடை எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. பதினைந்தாவது நிதிக் குழுவின் மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்கூட்டியே கட்டிவைக்கப்பட்டது. ஊர் தன் விருப்பப்படி எடுத்துச் செலவழிக்கக் கூடியதில் தன் சொந்த வரி முக்கியமானது. கட்டடத்தை அரசு கட்டட்டும். கட்டியதைப் பேணுவதற்கு வீட்டு வரியில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கி வைக்கும் வழக்கம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் வர வேண்டும். ஒழுகும் கூரையைத் தொடக்கத்திலேயே அடைத்தால் இடிக்கும் நாள் தள்ளிப்போகும்.

புதுக் கட்டடம் வேண்டுமென்றால் வரி வசூலுக்கு வருபவரிடம் சண்டை போடுவதில் பயன் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அக்குழுவின் சட்டப்படியான வேலை. எத்தனை வகுப்பறை தேவை, எந்தச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று அதில் எழுத வையுங்கள். அதே தேவையைக் கிராம சபையிலும் தீர்மானமாக ஏற்றுங்கள். இரண்டின் நகலையும் உங்கள் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.