நகையும் ஒரு பாடமுறை: கவிமணியின் மான்மியமும் நம் வகுப்பறையும்

பழந்தமிழ் இலக்கியம் என்றதும் மாணவர் முகத்தில் ஓர் இறுக்கம் வந்துவிடுகிறது. புராணம், காப்பியம், மெய்க்கீர்த்தி ஆகியவை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவதற்கு உரியவை, சிரிப்பதற்கு உரியவை அல்ல என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால், அந்நூல்களை ஆழக் கற்ற அறிஞர்கள் அவ்வாறு நினைக்கவில்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் நகைக்கும் இடம் தந்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கிலிருந்து நகை பிறக்கும் என வகுத்தும் காட்டினார்.

ஆசிரியர், ஆய்வாளர், பகடிக் கவிஞர்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) நம்மைப் போல் ஆசிரியப் பணி செய்தவர். தேரூரில் பிறந்து நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றினார். குழந்தைப் பாடல்களால் நம் தொடக்க வகுப்புகள் அவரை அறியும். அவர் கல்வெட்டு ஆய்வாளர் என்பது அந்த அளவுக்குத் தெரிந்ததன்று. சோழர் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். அங்கு ராஜராஜன் ‘கலம் அறுத்தது’ கப்பலையா, உண்கலத்தையா என்பது வரலாற்றறிஞர்களிடையே நெடுநாள் நடந்த விவாதம்.

இடைக்கால இலக்கியத்திலும் கல்வெட்டிலும் தோய்ந்த இவரே ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் பகடி நூலையும் எழுதினார். 1917-18ஆம் ஆண்டுகளில் அது ‘தமிழன்’ இதழில் தொடராக வந்தது.

மான்மியம் என்றால் பெருமை கூறும் நூல். தெய்வத்துக்கும் திருத்தலத்துக்கும் உரிய அந்த வடிவத்தை, கவிமணி ஒரு குடும்பச் சீர்கேட்டுக்குச் சூட்டினார். அக்காலத்தில் நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது. காரணவர் இறந்தால் மனைவியும் மக்களும் திக்கற்று நின்றார்கள். நூலில் கதை சொல்பவர் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி.

நகைச்சுவை படலப் பெயர்களிலேயே தொடங்கிவிடுகிறது. ‘குலமுறை கிளத்து படலம்’ கம்பராமாயணத்தில் உள்ள பெயர். அங்கே விசுவாமித்திரர் சனகனுக்கு இராமனின் குலப்பெருமை கூறுகிறார். இங்கே அதே தலைப்பின்கீழ் ஒரு சாதாரண வீட்டின் கதை தொடங்குகிறது. ‘நாகாஸ்திரப் படலம்’, ‘கருடாஸ்திரப் படலம்’ ஆகியவை போர்க்களத்தை நினைவூட்டி, வீட்டுச் சண்டைக்குள் நம்மை இறக்கிவிடுகின்றன. ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்பதில் ‘கோடு’ நாஞ்சில்நாட்டுப் பேச்சில் கோர்ட்டைக் குறிக்கும். வழக்காடியே குடும்பம் அழிந்ததை இரண்டே சொற்கள் சொல்லிவிடுகின்றன. கடைசிப் படலத்தின் பெயர் ‘கும்பியெரிச்சல் படலம்’. அதுவரை சிரித்தவர் அங்கே வயிற்றெரிச்சலோடு நிற்கும் பெண்ணைப் பார்க்கிறார்.

திருவிதாங்கூர் அரசு 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தின் வழி இம்முறையை மாற்றியது. சட்டத்துக்கு நூல் ஒன்றே காரணமன்று. ஆயினும் கோரிக்கையின் குரலாக அது ஊரெங்கும் பேசப்பட்டது.

பகடி ஒரு கற்றல் சான்று

கம்பனை அறியாதவர் அந்தத் தலைப்புகளுக்குச் சிரிக்க முடியாது. கம்பனைக் கரைத்துக் குடிக்காதவர் அவற்றை எழுதியிருக்கவும் முடியாது. ஐரோப்பாவிலும் இதே நிலைதான். 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியான ‘கார்மினா புரானா’வில் சூதாடிகளுக்கென ஒரு பகடி வழிபாடு இருக்கிறது. தேவாலய வழிபாட்டை வரிவரியாக அறிந்த கல்வியாளர்களால்தான் அதை எழுத முடியும். எனவே மாணவர் ஒருவர் ஒரு வடிவத்தைப் பகடி செய்தால், அவ்வடிவம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

உயர்நிலை வகுப்புகளில் மெய்க்கீர்த்தியின் உறுப்புகளை முதலில் கரும்பலகையில் எழுதுவோம்: மங்கலத் தொடக்கம், வெற்றிகளின் வரிசை, அரசியின் பெயர், அரசரின் பெயர், ஆட்சியாண்டு. பின்னர் குழுவாக ஒரு புதிய மெய்க்கீர்த்தி எழுதச் செய்யலாம். வேப்பம்பட்டில் என் வகுப்பினர் காலை நேர மின்சார ரயிலில் இடம்பிடித்த வீரரைப் பாடினார்கள். வகுப்பு குலுங்கியது. கும்மிடிப்பூண்டியில் இரவுப் பணிக்குச் செல்லும் தன் தாயைப் பாடினாள் ஒரு மாணவி. கம்பெனிப் பேருந்தைப் பிடித்தது, ரேஷன் வரிசையை வென்றது என வெற்றிகள் நீண்டன. முதலில் சிரித்த பிள்ளைகள் முடிவில் கைதட்டினார்கள். தொடக்க வகுப்புகளில் திருமண அழைப்பிதழ் வடிவில் பூனைக்கும் எலிக்கும் விருந்தழைப்பு எழுதச் செய்தாலே போதும்.

ஒரு விதியைத் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். நிறம், உடல், சாதி, பெற்றோரின் தொழில், பேச்சு வழக்கு ஆகியவற்றை எள்ளக் கூடாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களின் தமிழைக் கேலி செய்வது பகடி ஆகாது, அது துன்புறுத்தல். கவிமணி ஐந்தாம் மனைவியைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளைத் தவிக்கவிட்ட வழக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள் போதும். வடிவத்தின் உறுப்புகள் சரியாக அமைந்துள்ளனவா? சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது? இதைக் கேட்டு வகுப்பில் யாருடைய முகமாவது வாடுமா? மூன்றாம் வினாவுக்கான விடையை ஆசிரியர் சொல்லாமல் மாணவர்களே சொல்லட்டும்.