பரு மாத்திரையும் பகல் வெயிலும்

பருவுக்கு மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம் அக்கா மகள் போன் செய்தாள். “சித்தி, ஸ்கூட்டி ஓட்டிட்டு வந்தா புறங்கை எரியுது. அலர்ஜி போல. மாத்திரையை நிறுத்திட்டேன்.”

அவள் சாப்பிட்டது டாக்ஸிசைக்ளின். அது அலர்ஜி இல்லை. தோலில் தங்கிய மருந்து வெயிலின் புற ஊதா ஏ கதிரை உறிஞ்சி, பக்கத்துச் செல்களைச் சுடுகிறது. மருந்தின் அளவும் வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம்.

“நாம மாநிறம், வெயில் நம்மை என்ன செய்யும்?” எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பேச்சுதான். மெலனின் ஓரளவு காக்கும், முழுக்கக் காக்காது. வெள்ளைத் தோல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எரிச்சலும் சுருக்கென்ற குத்தலும்தான் முதல் அடையாளம். பிறகு அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் நிற்கும். பருத் தழும்பு மறையட்டும் என்று மருந்து எடுத்தவர்களுக்கு, அந்தத் தழும்பே வெயிலில் இன்னும் கறுக்கிறது.

“ராத்திரி போட்டா பகலில் பயமில்லை” என்பார்கள். டாக்ஸிசைக்ளினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய 18 மணி நேரமாகும். அதை விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம் என்பது வேறு. ட்ரெட்டினாயின் கிரீமை இரவில் பூசச் சொல்வது வெளிச்சத்தில் அந்த மருந்து சிதைந்துவிடும் என்பதால். அது மேல்தோலின் இறந்த அடுக்கை மெலிதாக்கியிருப்பதால் மறுநாளும் தோல் வெயிலைத் தாங்காது. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையிலும் இந்தத் தொல்லை உண்டு.

பஸ் ஜன்னல் கண்ணாடி போதும் என்று நம்பவேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரைத்தான் பெரும்பாலும் தடுக்கும், ஏ கதிரை உள்ளே விடும். மேகமும் அதை முழுக்கத் தடுக்காது.

மருந்தை விட்டுவிட்டு எலுமிச்சம்பழம் தேய்ப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அந்தச் சாற்றிலும் பழத்தோலிலும் உள்ள ஃப்யூரோகூமரின்கள் இதே ஏ கதிர் பட்டால் தோலைக் கொப்பளிக்க வைத்துக் கறுப்பாக்கும்.

சன்ஸ்கிரீன் பருவைக் கூட்டும் என்ற பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது; பிசுபிசுப்பான கிரீம்கள் துளைகளை அடைக்கலாம். ஜெல் வகையில், ‘நான்-காமெடோஜெனிக்’ என்று அச்சிட்டதாகப் பாருங்கள். எஸ்பிஎஃப் 30 என்பது முக்கியமாக பி கதிருக்கான கணக்கு. ஏ கதிருக்கு பிஏ+++ குறியும் வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி.

கொப்புளம் வந்தாலோ நகம் சதையை விட்டுப் பெயர்ந்தாலோ உடனே டாக்டரிடம் போகவேண்டும். அவர் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம்.

அவளுக்கு மாற்றித்தான் கொடுத்தார்கள். இப்போது கையுறை போட்டுக்கொண்டு ஓட்டுகிறாள். புறங்கைக் கறுப்பு இன்னும் முழுதாக விடவில்லை.