எஞ்சினைத் தாங்கும் மூன்று கால்கள்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்கு ரயிலில் செல்பவர்கள், தாம்பரம் தாண்டியதும் பெருங்களத்தூர், வண்டலூர் ஆகிய நிலையங்களைக் கடப்பார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை இந்தப் பகுதியில்தான் இருந்தது. 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் இந்தியாவில் உருவாயிற்று. அதன் எஞ்சின் நான்கு சிலிண்டர்கள் கொண்டது. கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். 1980களின் இறுதியில் தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றுபோயிற்று. கார்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருப்பவர்கள் அவற்றை இன்றும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட காரின் எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டுமானால் மெக்கானிக்குக்கு ஒரு சங்கடம் உண்டு. கார் வெளிவந்த காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கருவி இருந்தது. இப்போது அவை கடையில் கிடைப்பதில்லை. ஆகவே குழாய்த் துண்டு, தகரம், பழைய போல்ட்டு, மரப்பலகை ஆகியவற்றைக் கொண்டு அவரே செய்துகொள்கிறார். நண்பர்களே, நீங்கள் வகுப்பில் படிக்கும் விசையும் உராய்வும் திருப்புத்திறனும் இந்தக் கருவிகளில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் செலவே இல்லாத கருவி. ஹெரால்டு எஞ்சினில் எட்டு வால்வுகள், அவற்றை இயக்க எட்டுத் தள்ளு கம்பிகள். கழற்றி வைத்தால் எட்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் இருக்கையோடு பல்லாயிரம் கிலோமீட்டர் உராய்ந்து, அதற்கேற்பத் தேய்ந்திருக்கிறது. இடம் மாற்றிப் போட்டால் தேய்மானம் புதிதாக ஆரம்பமாகும். ஒரு பலகையில் எட்டுத் துளைகள் இட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதி, கழற்றிய வரிசையில் செருகி வைத்தால் போதும். பட்டறையில் இருக்கும் எல்லாக் கருவிகளிலும் இந்தப் பலகைக்குத்தான் நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். மாமல்லபுரம், கோவளம் போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் செய்ய வேண்டும். உப்புக் காற்றில், கடைந்து பளபளவென்றிருக்கும் எஃகின் மேல் ஒரே இரவில் துரு பூத்துவிடும். எண்ணெய் தடவிப் பாலிதீன் பையில் கட்டி வைக்காவிட்டால் மறுநாள் காலை வருந்த நேரும்.

அடுத்து, பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கும் வேலை. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் வில்போல் விரிந்து நிற்கும். அவற்றை அமுக்கிப் பிடித்தால்தான் உள்ளே போகும். எண்ணெய் டின்னின் தகரத்தைப் பட்டையாக வெட்டி, விளிம்புகளை அரம் கொண்டு மழுக்கி, பிஸ்டனைச் சுற்றி அணைத்து, மேலே ரப்பர் குழாய்களுக்குப் போடும் கிளிப்பை முடுக்கினால் வளையங்கள் அமுங்கிவிடும். சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாகத் தள்ள வேண்டும். தடை தெரிந்தால் நிறுத்துங்கள். ஒரு வளையம் தகரத்திலிருந்து நழுவி, சிலிண்டரின் விளிம்பில் மாட்டியிருக்கிறது என்று பொருள். வார்ப்பிரும்பு வளையம் வளையாது, ஒடிந்துவிடும். அப்போது ஓங்கி அடிப்பவர் இன்னொரு வளையம் வாங்கக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

சில எஞ்சின்களில் பிஸ்டன் தண்டின் அடியில் இரண்டு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் இறங்கும்போது அவை கிராங்க் தண்டின் வழவழப்பான பரப்பைக் கீறக்கூடும். அங்கே பேரிங்குக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே. நம் தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஆகவே ஆழமற்ற கீறலும் எண்ணெய்ப் படலத்தைக் கெடுத்துவிடும். இதற்கு மருந்து, பழைய பெட்ரோல் ரப்பர் குழாயின் இரண்டு துண்டுகள். போல்ட்டுகளுக்குத் தொப்பிபோல் மாட்டிவிட வேண்டும்.

ஹெரால்டுக்கு முன் ஸ்டாண்டர்டு 'வேன்கார்டு' என்ற பெரிய கார் ஒன்று இருந்தது. அதன் எஞ்சினில் சிலிண்டரின் உட்சுவர் தனிக் குழாயாக, சுற்றிலும் நீர் சூழ நிற்கும். எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிய பிறகு அதை அழுத்திப் பிடிக்க எதுவுமில்லை. அந்த நிலையில் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டனோடு குழாயும் மேலே கிளம்பிவிடும். அடியிலுள்ள கேஸ்கட் பிசகும். குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலக்கும். இதைத் தடுக்க ஒரு குழாய்த் துண்டு, ஒரு தடித்த வாஷர், ஒரு நட்டு போதும். தலைப்பகுதியைப் பிடித்திருந்த அதே மரையாணியில் இவற்றைக் கோத்து முடுக்கினால், வாஷரின் விளிம்பு சிலிண்டர்க் குழாயை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இனி திருப்புத்திறன். தலைப்பகுதியைப் பொருத்தும்போது நட்டுகளைக் குறித்த அளவுக்கு முடுக்க வேண்டும். குறைந்தால் கேஸ்கட் ஒழுகும். மிஞ்சினால் மரை பிய்த்துக்கொண்டு வரும். அதற்கான அளவு ஸ்பேனர் இல்லாதபோது பட்டறையில் ஒரு வழி உண்டு. 6 கிலோகிராம்-மீட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். நட்டின் மையத்திலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் ஸ்பேனர் பிடியில் ஒரு வில் தராசைக் கொக்கியால் மாட்டி, 12 கிலோகிராம் காட்டும்வரை இழுத்தால் கணக்குச் சரி. ஆனால் ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். 60 பாகைக் கோணத்தில் இழுத்தால் தராசு 12 என்று காட்டினாலும் நட்டுக்குப் போய்ச் சேருவது சுமார் 5.2தான்.

அந்தத் தராசு உண்மை பேசுகிறதா? இதைக் கேட்காமல் முடுக்குபவர்கள்தான் அதிகம். வெறும் வாளியை மாட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அளவு 10 கிலோகிராம் கூட வேண்டும். கூடாவிட்டால் தராசைத் தூர வைத்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் பொருளுக்கு நஷ்டம். எஞ்சினைக் காரிலிருந்து தூக்குவதில் நேரும் தவறு கை காலைக் கேட்கும். பழைய நாளில் வேப்பமரக் கிளையில் சங்கிலியைப் போட்டுத் தூக்குவார்கள். அதைவிட மேலானது, மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் கருங்கல்லைத் தூக்கப் பயன்படும் முறை. மூன்று இரும்புக் குழாய்களை உச்சியில் இணைத்து நிறுத்தி, நடுவில் செயின் பிளாக்கைத் தொங்கவிடுவார்கள். நான்கு கால் மேசை மேடுபள்ளத்தில் ஆடும்; மூன்று கால் ஆடாது. கார் பட்டறைக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிற்பக் கூடத்தில் கால்கள் மண்ணில் பதிந்து நிற்கும். பட்டறையிலோ எண்ணெய் சிந்திய சிமெண்டுத் தரை. நான் வேலை பழகிய பட்டறை ஒன்றில், எஞ்சின் மேலே கிளம்பி ஒரு முழம் உயர்ந்ததும் ஒரு கால் சத்தமில்லாமல் வெளிப்பக்கம் வழுக்கியது. எஞ்சின் அப்படியே இறங்கி உட்கார்ந்தது. எண்ணெய்த் தொட்டி நசுங்கியது. அதற்குச் சற்று முன்புதான் ஒருவர் அடியில் கைவிட்டு ஒரு போல்ட்டை எடுத்திருந்தார்.

ஏன் வழுக்கியது? எஞ்சின் 100 கிலோகிராம் என்போம். ஒவ்வொரு காலும் தரையை நேர் கீழாக 33 கிலோகிராம் அழுத்துகிறது. கால் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், அது வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை சுமார் 19 கிலோகிராம். 45 பாகை என்றால் 33. 60 பாகை என்றால் 58. இந்தத் தள்ளுதலை எதிர்ப்பது உராய்வு ஒன்றே. 30 பாகைக்கே உராய்வுக் குணகம் 0.58 ஆவது வேண்டும். எண்ணெய்ப் படிந்த தரையில் அதில் பாதிகூடக் கிடைக்காது. எனவே உராய்வை நம்புவதே பிழை. மூன்று பாதங்களையும் சுற்றிச் சங்கிலியால் இணைத்துவிட்டால் வெளித்தள்ளுதலைச் சங்கிலி தாங்கிக்கொள்ளும். 30 பாகைச் சாய்வில் சங்கிலியின் ஒவ்வொரு பக்கத்திலும் இழுவிசை 11 கிலோகிராம்தான். சாதாரணச் சங்கிலிக்கு அது ஒரு பொருட்டல்ல. அந்தப் பட்டறையில் மறுநாளே சங்கிலி வந்தது.

கால்களை நாமே செய்துகொள்ளலாமா? தடித்த குழாயும் நல்ல வெல்டிங்கும் இருந்தால், அனுபவமுள்ளவர் செய்யலாம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எஞ்சினைவிட அதிக எடையைத் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். ஆனால் கொக்கியையும் செயின் பிளாக்கையும் சொந்தமாகச் செய்யக்கூடாது. எஃகினுள் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அது எப்போது விடும் என்று நம் வீட்டுச் சோதனை எதுவும் சொல்லாது. பலகையையும் தகரப் பட்டையையும் தராசையும் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புகிறோம். கொக்கியை அப்படிச் சோதிக்க நம்மிடம் வழியில்லை. எடை பொறித்த கொக்கியை வாங்க வேண்டும். வாய் விரிந்த கொக்கியை வீச வேண்டும். எது தொங்கினாலும் அதன் அடியில் கை போகக்கூடாது, மரக்கட்டை மட்டுமே போகலாம்.

செய்து பாருங்கள்: மூன்று விளக்குமாற்றுக் குச்சிகளை உச்சியில் நூலால் கட்டி, நடுவில் ஒரு சிறு பையைத் தொங்கவிடுங்கள். வழவழப்பான தட்டின் மேல் நிறுத்திக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எத்தனையாவது கல்லில் வழுக்குகிறது என்று குறியுங்கள். பிறகு தட்டில் நல்லெண்ணெய் தடவி ஒரு முறை. பாதங்களை நூலால் இணைத்து ஒரு முறை. கடைசியாக, கடற்கரை மணல் பரப்பி ஒரு முறை. கால்களின் சாய்வை மாற்றியும் பாருங்கள். நான்கு எண்களையும் நோட்டில் அட்டவணையாக எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.