எல்.எல்.ஆர். (ஓட்டுநர் பழகுநர் உரிமம்) தேர்வுக்குத் தயாராகிறீர்களா?

1. சாலைக் குறியீடுகளை முதலில் படியுங்கள். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். வடிவம் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

2. குழப்பும் ஜோடிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு குறுக்குக்கோடு 'பார்க்கிங் கூடாது'; இரண்டு கோடுகள் 'நிறுத்தவே கூடாது'.

3. கை சைகைகளைக் கண்ணாடி முன் செய்து பழகுங்கள். செய்து பார்த்தது மறக்காது.

4. யாருக்கு முன்னுரிமை என்பதைக் கவனியுங்கள். ரவுண்டானாவில் வலப்பக்க வாகனத்துக்கும், ஜீப்ரா கிராஸிங்கில் நடப்பவருக்கும் வழிவிட வேண்டும்.

5. விடைகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நாளை சாலையில் உயிர் காப்பது நீங்கள் படித்ததுதான்.

6. தேறியதும் தேதியைக் குறித்து வையுங்கள். எல்.எல்.ஆர். 6 மாதமே செல்லும்; 30 நாள் கழித்தே நிரந்தர உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.